முன்னுக்கும் பின்னுக்கும் பிரேக் பேட்: மூன்று ட்ராக் டே கழித்துப் பிடிபட்ட கணக்கு

திருகோணமலையில் சுசுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட் கார் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அதற்குப் பிரேக் பேட், அதாவது சக்கரத்தோடு சுழலும் இரும்பு டிஸ்க்கை இரு பக்கமும் நெரித்துக் காரை நிறுத்தும் தகடு, மாற்றத் தெரிந்த நல்ல கைகளும் இருக்கின்றன. ஆனால் அந்தக் காரை ட்ராக்கில் இருபது நிமிடம் விடாமல் விரட்டினால் முன் பேட்டுக்கு என்ன ஆகும், பின் பேட்டுக்கு என்ன ஆகும் என்று கேட்க எனக்கு ஊரில் ஆள் கிடைக்கவில்லை. போன இடமெல்லாம் ஒரே பதில்தான்: "தம்பி, முன்னுக்கு நல்லதாப் போட்டாக் காணும். பின் பிரேக் சும்மா இருக்கிறதுதானே." அதை நம்பி எட்டு மாதமும் 214,000 ரூபாவும் போனது. மூன்றாம் தடவை சரியாக வந்தபோது செலவு 113,000 ரூபா. முதலே இதைச் செய்திருக்கலாமே என்ற எரிச்சல் இன்னும் ஆறவில்லை. அடுத்தவர் அதே வழியில் போகக்கூடாது என்பதற்காக ஒன்றும் விடாமல் எழுதுகிறேன்.

முதல் ட்ராக் டே, அதாவது சொந்தக் காரைப் பந்தயப் பாதையில் விரட்டி ஓட்டும் நாள், கட்டுக்குருந்தவில். களுத்துறைப் பக்கம், இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுபாதை. ஊரில் இருந்து கந்தளாய், ஹபரணை, குருநாகல் வழியாகக் கொழும்பைத் தாண்டிப் போக ஏறத்தாழ 300 கிலோமீற்றர். ஓடுபாதை என்பதால் நேர்ப்பாதை நீளம். அதன் முடிவில் 140 இல் வரும் காரை 60க்கு இறக்க வேண்டும், அதையே ஒவ்வொரு சுற்றிலும் செய்ய வேண்டும். முன்னுக்கு மட்டும் கொழும்பில் ஒரு கடையில் 58,000 ரூபாவுக்கு ரேஸ் பேட் வாங்கிப் போட்டிருந்தேன். பெட்டியில் "800 பாகை வரை" என்று இருந்தது. அந்த எண்ணைப் பார்த்துத்தான் வாங்கினேன். பின்னுக்குப் பாதி தேய்ந்த கம்பனிப் பேட். பிரேக் ஒயில் மாற்றி மூன்று வருடம், அதுவும் டொட் 3 என்ற வகை. அதை நான் யோசிக்கவே இல்லை.

ஐந்தாவது சுற்றில் பெடல் கீழே போய்விட்டது. முதல் தரம் மிதித்தபோது பஞ்சு மாதிரி இறங்கியது. எடுத்து மறுபடி மிதித்தேன், கொஞ்சம் பிடித்தது. மூன்றாம் மிதிக்குத்தான் கார் உண்மையில் மெதுவானது. வளைவைத் தாண்டி நேரே வெளியே போய் நின்றேன். கை நடுக்கம் நிற்கப் பத்து நிமிடம் ஆனது. இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். பிரேக் போய்விட்டது என்று எல்லோரும் ஒரே வார்த்தையில் சொன்னாலும் அது இரண்டு வேறு நோய். பெடல் நீளமாகி, பஞ்சாகி, பம்ப் பண்ணினால் திரும்பி வருகிறது என்றால் ஒயில் கொதித்து உள்ளே ஆவிக் குமிழி வந்திருக்கிறது. பெடல் கல்லு மாதிரி உறுதியாக இருக்கிறது, எவ்வளவு மிதித்தாலும் கார் நிற்கவில்லை என்றால் பேட் தன் சூட்டு எல்லையைத் தாண்டிவிட்டது. பேட்டில் உள்ள பிசின் எரிந்து வாயுவாகி டிஸ்க்குக்கும் பேட்டுக்கும் நடுவில் வழுக்கிவிடும். முதல் நோய்க்குப் பேட் மாற்றிப் பயனில்லை, இரண்டாவதற்கு ஒயில் மாற்றிப் பயனில்லை. எனக்கு வந்தது முதலாவது.

டொட் 3 ஒயிலுக்குப் புதிதாக இருக்கும்போது குறைந்தபட்சக் கொதிநிலை 205 பாகை செல்சியஸ். டொட் 4 என்றால் 230, டொட் 5.1 என்றால் 260. ஆனால் பிரேக் ஒயில் காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும். 3.7 வீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் டொட் 3 க்கு 140 என்றும் டொட் 4 க்கு 155 என்றும் அந்த எல்லை இறங்கிவிடுகிறது. மாரி முழுக்கச் சுவர் வியர்க்கும் எங்கள் ஊரில், மூன்று வருட ஒயில் எந்த நிலையில் இருந்திருக்கும் என்று இப்போது விளங்குகிறது. ட்ராக்குக்கு மோட்டுல் ஆர்பிஎஃப் 600 மாதிரி ஒன்று வேண்டும், அது புதிதில் 312 பாகை, ஈரம் சேர்ந்த பிறகும் 205. அரை லீற்றர் போத்தல் இரண்டு எடுத்தால் பழையதை முழுக்கத் தள்ளி நிரப்பக் காணும். டொட் 5 என்று சிலிக்கோன் ஒயில் ஒன்று இருக்கிறது, அதை இதற்குள் ஊற்றக்கூடாது. 5.1 வேறு, 5 வேறு. ஒயில் குழாயில் இருந்து எயார் எடுக்கும் சக்கர வரிசையை உங்கள் காரின் கையேட்டில் பார்த்துச் செய்யுங்கள், எல்லாக் காருக்கும் ஒரே வரிசை இல்லை. நல்ல பேட்டுக்கு ஆசைப்பட்டுக் காசு சேர்ப்பவர்கள் முதல் காசை ஒயிலுக்குப் போடுங்கள்.

அன்று இன்னொரு பிழையும் செய்தேன். வெளியே வந்து காரை நிறுத்திப் பிரேக்கிலேயே காலை வைத்துக்கொண்டு இருந்தேன், பிறகு ஹேண்ட் பிரேக்கும் போட்டேன். கொதிக்கும் டிஸ்க்கில் பேட் ஒரே இடத்தில் அழுத்திக்கொண்டு நின்றால் அந்த இடத்தில் மட்டும் பேட்டின் படிவு தடிப்பாக ஒட்டிக்கொள்ளும். திரும்பி வரும்போது 80 இல் மிதித்தால் ஸ்டியரிங் அடித்தது. டிஸ்க் வளைந்துவிட்டது என்று எல்லோரும் சொல்வார்கள். பெரும்பாலும் அது வளைவு இல்லை, இந்தச் சீரில்லாத படிவுதான். ட்ராக்கில் கடைசிச் சுற்றைப் பிரேக் தொடாமல் ஓட்டி ஆறவைத்து, கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்து நிறுத்த வேண்டும்.

ஊருக்கு வந்து கழற்றிப் பார்த்தபோது பேட்டை டிஸ்க்கில் அழுத்தும் கலிப்பரின் பிஸ்டனைச் சுற்றி இருக்கும் றப்பர் பூட் நகம் பட்டதும் பொரித்த அப்பளம் மாதிரி நொறுங்கியது. இடப்பக்க முன் சக்கரத்தில் உள்பக்கப் பேட் வெளிப்பக்கத்தை விட 3 மில்லிமீற்றர் கூடத் தேய்ந்திருந்தது. காரணம், கலிப்பர் முன்னும் பின்னும் வழுக்கி நகரும் ஸ்லைட் பின் என்ற கம்பி துருப்பிடித்து இறுகி இருந்தது. கடற்கரையில் நிற்கும் காருக்கு இது சாதாரணம், உவர்மலையிலும் உப்புவெளியிலும் நிற்கிற காரைக் கழற்றிப் பாருங்கள். அந்தக் கம்பி இறுகினால் கலிப்பர் நகராது, ஒரு பேட்தான் முழு வேலையும் செய்யும். ட்ராக்குக்குப் போகிறவர் நான்கு சக்கரத்திலும் அந்தக் கம்பியை வெளியே இழுத்து, துரு துடைத்து, பிரேக்குக்கென்று வரும் சிலிக்கோன் கிரீஸ் பூசி, விரலால் தள்ளினால் வழுக்கிப் போகிறதா என்று பார்க்க வேண்டும். சாதாரண கிரீஸ் பூசினால் றப்பர் ஊதிக் கம்பியை மறுபடி இறுக்கிவிடும். பூட், சீல், கூலி என்று 14,000 ரூபா.

இனித்தான் முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள கதை. பேப்பரில் கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் எனக்கு இது மண்டைக்குள் போனது. ஆளோடும் பெற்றோலோடும் என் கார் ஏறத்தாழ 1,150 கிலோ. 140 இல் இருந்து 60க்கு இறக்கும்போது பிரேக் விழுங்க வேண்டிய சக்தி கிட்டத்தட்ட 710 கிலோஜூல். அதில் முன்னுக்கு எவ்வளவு? நிற்கும்போது முன் சக்கரத்தில் 60 வீதத்துக்குச் சற்று மேல் பாரம். சக்கர இடைவெளி 2.39 மீற்றர், பாரத்தின் மையம் அரை மீற்றர் உயரம் என்று வைத்தால், முழு மிதியில் இன்னொரு 20 வீதம் முன்னுக்குச் சாய்கிறது. ஆக 80 வீதம் முன்னுக்கு, 20 வீதம் பின்னுக்கு. ஒரு முன் டிஸ்க்குக்கு 284 கிலோஜூல் வருகிறது. அது 5 கிலோ இரும்பு என்றால் ஒரு மிதிக்கே 120 பாகை ஏறும். பின் டிஸ்க் 3 கிலோ என்று வைத்தாலும் 50 பாகைதான். ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும், சூடு அடுக்கடுக்காகச் சேரும். ஊருக்குள் 60 இல் இருந்து 30க்கு மிதிப்பதில் அதே முன் டிஸ்க்குக்கு 20 பாகைதான் ஏறும். ஊரில் பிரமாதமாக இருந்த பேட் ட்ராக்கில் பத்து நிமிடத்தில் செத்துப்போவது இதனால்தான். ஒரே காரில் முன் பேட்டும் பின் பேட்டும் வெவ்வேறு சூட்டில் வாழ்வதும் இதனால்தான். பெட்டியில் உள்ள "800 பாகை" என்பது மேல் எல்லை. எத்தனை பாகையில் பிடிக்கத் தொடங்கும் என்பதுதான் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

அந்தக் கீழ் எல்லையின் விலையை ஒரு இரவு ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில் உணர்ந்தேன். ரேஸ் பேட்டோடு திரும்பி வரும்போது வெளிச்சத்தில் ஒரு யானை. நேரம் இருந்ததால் தப்பினேன். ஆனால் குளிர்ந்த பேட் முதல் மிதிக்குப் பிடிக்கவே இல்லை, இரண்டு காலாலும் மிதிக்க வேண்டும் போல இருந்தது. 200 பாகைக்கு மேல்தான் விழிக்கும் பேட்டை 300 கிலோமீற்றர் நெடுஞ்சாலையில் போட்டுக்கொண்டு வரக்கூடாது. கோட்டைப் பக்கம் மான் ரோட்டில் மேயும் ஊரில் அதை அன்றாடம் போட்டு ஓடவும் கூடாது. சூடாகாத ரேஸ் பேட் டிஸ்க்கையும் அரத்தால் அராவுவது போல் தின்றுவிடும். நான்கு மாதத்தில் முன் டிஸ்க் இரண்டும் விளிம்பில் பொறித்திருந்த குறைந்தபட்சத் தடிப்புக்குக் கீழே போனது. புதுசுக்கு 44,000 ரூபா.

இரண்டாம் தடவைக்கு ஒயிலை மாற்றினேன். பின் பிரேக் தூங்குகிறது, அதை எழுப்பினால் முன்னுக்குச் சுமை குறையும் என்று எனக்கு ஒருவர் சொன்னார். பாதி உண்மை. முன் பேட் கடிக்கும் அளவு கூடி, பின் பேட் அப்படியே இருந்தால், முன்னுக்கே எல்லாச் சூடும் போகும், மூக்கு குத்தும், நிற்கும் தூரம் குறையாது. ஆனால் நான் 46,000 ரூபாவுக்கு வாங்கிய பின் பேட், குளிரிலேயே நன்றாகக் கடிக்கும் வகை. முன்னுக்கு அதே ரேஸ் பேட். காலையில் மூன்று செஷன், ஒவ்வொன்றும் இருபது நிமிட ஓட்டம், அருமையாகப் போனது, முன் பேட் சூடாகி இருந்ததால் சமநிலை சரியாக இருந்தது. மத்தியானம் மழை தூறி ஒரு மணித்தியாலம் காத்திருந்தோம். நாலாவது செஷனில் முதல் சுற்று, டிஸ்க் எல்லாம் ஆறிப்போய் இருந்தது. லேசாக மிதித்துக்கொண்டே வளைவுக்குள் திருப்பினேன். முன் பேட் தூக்கத்தில், பின் பேட் முழு விழிப்பில். பின்பக்கம் சுற்றிக்கொண்டு வந்து என்னை முந்தியது. கார் ஒன்றிலும் மோதவில்லை, அது என் நல்ல காலம். பக்கவாட்டில் இழுபட்ட இரண்டு டயர் போனது, 52,000 ரூபா. வீட்டுக்கு வந்து இரண்டு கிழமை காரைத் தொடவே மனம் வரவில்லை.

ஏபிஎஸ் இருக்கிறதே என்று கேட்பீர்கள். ஏபிஎஸ் சக்கரம் இறுகாமல் பார்க்கும். ஆனால் திரும்பிக்கொண்டிருக்கும் பின் டயரின் பிடியில் பெரும் பங்கைப் பிரேக் எடுத்துவிட்டால் பக்கவாட்டுக்கு மீதி இருக்காது. அந்தக் கணினியை அமைத்தவர்கள் கம்பனிப் பேட்டின் முன் பின் விகிதத்தை வைத்துத்தான் அமைத்தார்கள். ஆகவே "முன்னுக்கு இவ்வளவு பின்னுக்கு இவ்வளவு" என்று ஒரு எண்ணைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். குளிர்ந்த முதல் சுற்றில் முன் பேட் எவ்வளவு பிடிக்கும், அதே நிமிடத்தில் பின் பேட் எவ்வளவு பிடிக்கும் என்று பாருங்கள். பிறகு பத்தாவது சுற்றில் இரண்டும் எப்படி இருக்கும் என்று பாருங்கள். எந்த நேரத்திலும் பின் பேட்டின் கை ஓங்கக்கூடாது.

அந்த இரண்டாம் ட்ராக் டேயில் செய்த ஒரே நல்ல வேலை, லண்டனில் இருந்து வந்த மச்சான் மூலம் எடுத்த சூட்டுப் பெயின்டை டிஸ்க் விளிம்பில் பூசியது. மூன்று நிறம்: பச்சை 430 பாகையில் நிறம் மாறும், செம்மஞ்சள் 560 இல், சிவப்பு 610 இல். காலைச் செஷன்கள் முடியப் பார்த்தால், முன் டிஸ்க்கில் பச்சையும் செம்மஞ்சளும் மாறி, சிவப்பு மாறாமல் இருந்தது. பின் டிஸ்க்கில் பச்சையே மாறவில்லை. அதாவது முன்னுக்கு உச்சம் 560 க்கும் 610 க்கும் நடுவில், பின்னுக்கு 430 க்குக் கீழே. இந்த இரண்டு வரித் தகவல் கையில் இருந்தால் பேட் தேர்வது கடினமே இல்லை. பெயின்ட் கிடைக்காதவர்கள் பேட்டின் ஓரத்தைப் பாருங்கள். சாம்பல் வெள்ளையாகி, நகத்தால் சுரண்ட உதிர்ந்தால் அந்தப் பேட் தன் எல்லையைத் தாண்டி ஓடியிருக்கிறது.

மூன்றாம் தடவைக்கு ஒரே தயாரிப்பாளரின் இரண்டு படி எடுத்தேன். முன்னுக்கு 100 பாகையில் இருந்து 650 வரை வேலை செய்யும், உராய்வுக் குணகம், அதாவது எவ்வளவு பிடிக்கும் என்ற எண், 0.45 அளவில் உள்ள ட்ராக் பேட், 54,000 ரூபா. பின்னுக்கு அதற்கு ஒரு படி கீழே, குளிரிலேயே பிடித்து 500 வரை தாங்கும், 0.40 அளவில் உள்ளது, 41,000 ரூபா. ஃபெரோடோவின் டிஎஸ்2500 மாதிரி ரோட்டுக்கும் ட்ராக்குக்கும் நடுவில் நிற்கும் வகைகள் இந்தப் பின் சக்கர வேலைக்குப் பொருத்தம். முன்னுக்குப் போடும் முழு ரேஸ் பேட்டையே பின்னுக்கும் போட்டால் அது அங்கே சூடாகவே மாட்டாது, கண்ணாடி மாதிரி மினுங்கிக்கொண்டு சும்மா இருக்கும். ஒயிலுக்கு 18,000 ரூபா. பின்னுக்கு டிரம் உள்ள கார் என்றால் நல்ல ஷூ போட்டு இடைவெளியைச் சரியாக வைத்தால் போதும், முன் பேட்டை மட்டும் மிகவும் மூர்க்கமாக எடுக்காதீர்கள்.

வாங்கும்போது பேட்டின் ஓரத்தில் அச்சிட்ட குறியீட்டின் கடைசி இரண்டு ஆங்கில எழுத்தைப் பாருங்கள். முதலாவது மிதமான சூட்டில் உள்ள உராய்வு, இரண்டாவது கூடிய சூட்டில். ஈ என்றால் 0.25 இல் இருந்து 0.35, எஃப் என்றால் 0.35 இல் இருந்து 0.45, ஜி என்றால் 0.45 இல் இருந்து 0.55. ஆனால் அந்தச் சோதனை 345 பாகை அளவிலேயே நின்றுவிடும். முன் டிஸ்க் 560 ஐத் தாண்டும் காருக்கு இரண்டு ஜி இருப்பது மட்டும் உத்தரவாதம் இல்லை, தயாரிப்பாளர் போடும் சூடு உராய்வு வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள். பழைய பேட்டைக் கையோடு கொண்டுபோய்ப் புதுப் பேட்டின் இரும்புத் தகட்டோடு ஒட்டவைத்துப் பார்க்கவும் வேண்டும். ஜப்பானில் இருந்து வந்த காரும் வேறு சந்தைக்கு வந்த காரும் ஒரே பெயரில் வேறு கலிப்பரோடு இருக்கும்.

புதுப் பேட்டைப் பழக்குவதை எங்கள் ரோட்டில் செய்யாதீர்கள், அதற்கு வேண்டிய வேகம் சட்டத்துக்குள் வராது, ஆட்டோவும் மாடும் வரும். முதல் செஷனையே அதற்கு ஒதுக்கினேன். 100 இல் இருந்து 30க்குப் பத்துத் தடவை, மிதியைச் சிறிது சிறிதாகக் கூட்டி, ஒரு தடவையும் முழுதாக நிறுத்தாமல். பிறகு 120 இல் இருந்து மூன்று நாலு நல்ல மிதி. ஒரு எரிந்த வாசம் வந்து போகும், பெடல் ஒரு சுற்றுக்கு மந்தமாகும், அது இயல்பு. பிறகு இரண்டு சுற்றுப் பிரேக் தொடாமல் ஓட்டி, அரை மணித்தியாலம் ஆறவிட்டேன். டிஸ்க் முழுக்க ஒரே சீராகச் சாம்பல் நீலப் படலம் வந்திருந்தால் சரி. பட்டை பட்டையாக இருந்தால் மறுபடி செய்ய வேண்டும். டிஸ்க் முகத்தில் மயிரிழை வெடிப்பு வரும், பரவாயில்லை. விளிம்புவரை ஓடிய வெடிப்பு ஒன்று இருந்தாலும் அந்த டிஸ்க்கை அன்றே கழற்றுங்கள். துளை போட்ட டிஸ்க் அழகாக இருக்கும், ஆனால் வெடிப்பு அந்தத் துளையில் இருந்துதான் தொடங்குகிறது. நான் சாதாரண டிஸ்க்கே போட்டேன்.

இருபது நிமிடச் செஷன் நாலும் முடிந்து, பெடல் காலையில் இருந்த உயரத்திலேயே இருந்தது. நேர்ப்பாதை முடிவில் மிதிக்கும்போது கார் நான்கு காலாலும் அமர்ந்து நின்றது, பின்பக்கம் அசையவில்லை. மறுநாள் வீட்டில் கழற்றி அளந்தேன். முன்னுக்கு 10.5 மில்லிமீற்றராக இருந்தது உள்பக்கம் 8.1, வெளிப்பக்கம் 8.4. பின்னுக்கு 9.8 ஆக இருந்தது 9.2. ட்ராக்கில் 6 மில்லிமீற்றருக்குக் கீழே போன பேட்டோடு இறங்குவதில்லை, மெலிந்த பேட் சூட்டை நேரே பிஸ்டனுக்கும் ஒயிலுக்கும் அனுப்பிவிடும். ஆகவே இந்த முன் பேட்டுக்கு இன்னும் ஒரு நாள் இருக்கிறது, அதுவும் முடியும்போது உள்பக்கம் 6 க்குச் சற்றுக் கீழே வந்துவிடும். பின் பேட் இந்த வருடம் முழுக்கப் போகும். அடுத்த முன் பேட்டுக்கு இப்போதே சொல்லிவிட்டேன், வந்து சேர ஆறு கிழமையாவது ஆகும்.